மேடைக்கு ஒரு பள்ளி, வீட்டுக்கு ஒரு பள்ளி!

தோழா!

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நாள் நெருங்க நெருங்க, நம் ஊர்களில் இரண்டு வாயில்களில் கூட்டம் பெருகுவதைக் காண்கிறாய். ஒன்று அடகுக்கடை வாயில். மற்றொன்று தனியார் பள்ளியின் அலுவலக வாயில். காலையில் அங்கே நின்ற தகப்பன்தான் மாலையில் இங்கே நிற்கிறான். காலையில் மனைவியின் கழுத்திலிருந்து இறங்கிய சங்கிலி, மாலையில் கட்டணச் சீட்டாக உருமாறி அவன் கைக்கு வந்து சேருகிறது.

அதே தெருவின் கோடியில், வேப்ப மர நிழலில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று நிற்கிறது. அங்கே கட்டணமில்லை, நன்கொடையில்லை, தாய் தந்தையரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் நேர்காணலில்லை. பாடநூல் உண்டு, சீருடை உண்டு, நண்பகல் உணவு உண்டு, 2022ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாகப் பரவிய காலைச் சிற்றுண்டியும் உண்டு. முறைப்படி பயிற்சி பெற்று, அரசின் தேர்விலே தேறி வந்த ஆசிரியர் உண்டு. எல்லாம் இருந்தும் அங்கே இல்லாதது ஒன்றே ஒன்று: கூட்டம்!

விலையின்றிக் கிடைப்பதை விட்டுவிட்டு, கடன்பட்டு வாங்கும் சரக்கை நோக்கி ஒரு நாடு ஏன் ஓடுகிறது? ஏமாளிகளா நம் மக்கள்? அல்லர். தான் காய்ந்த வெயிலில் தன் மகன் காயக்கூடாது என்று எண்ணும் எந்தத் தாயையும் ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. அவளை அந்த வாயிலுக்கு விரட்டியது எது என்பதே கேள்வி. அதன் விடையில், தோழா, உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இறுதியில் அதைச் சொல்கிறேன், சினங்கொள்ளாமல் படி.

"கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு நாடக மேடை ஏறியவனுக்குக் கல்வியைப் பற்றிப் பேச என்ன தகுதி?" என்று மாற்றார் கேட்கக்கூடும். கேட்கட்டும்! பசித்தவனுக்குச் சோற்றைப் பற்றிப் பேசத் தகுதியுண்டு என்றால், படிப்பை முடிக்காதவனுக்குப் பள்ளியைப் பற்றிப் பேசத் தகுதியுண்டு.

பள்ளி வந்த வழி

அரசுப் பள்ளி என்றதும், ஏழைக்கு இரங்கி எவரோ இட்ட பிச்சை என்று எண்ணுவோர் பெருகிவிட்டனர். அந்த எண்ணமே முதல் நோய்.

1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக வீற்றிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தர மாநகராட்சி மன்றம் இசைவளித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. அந்த ஓர் அணா, பசியால் படிப்பை விட்டோடிய பிள்ளையைப் பிடித்திழுத்து வகுப்பறையில் அமர்த்தியது. சில ஆண்டுகளிலேயே, தொடக்கக் கல்விக்குரிய நிதியைச் சோற்றுக்குச் செலவிடக் கூடாதென்று வெள்ளையர் ஆட்சி தடை எழுப்பியது. சோறில்லாமல் படிப்பு வராது என்பது கோட்டையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை; குடிசையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1953ஆம் ஆண்டு வந்தது. இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சர். "பாதி நாள் பள்ளிக்கு வா, மீதி நாள் தகப்பன் செய்யும் தொழிலைச் செய்" என்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் வகுத்தார். குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயர் சூட்டியது. பெரியார் கிளர்ந்தெழுந்தார், திராவிட இயக்கத்தார் தெருவில் இறங்கினர், காங்கிரசுக்குள்ளிருந்தே எதிர்ப்புக் குரல் கேட்டது. 1954ஆம் ஆண்டில் ஆட்சியின் தலைமை மாறிக் காமராசர் முதல்வரானார். திட்டம் குழிக்குள் போயிற்று.

அதன் பின்னர் நடந்ததை உன் தாத்தாவைக் கேள். 1956இல் பள்ளிகளில் பகலுணவு. 1958 முதல், பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர்கூடிப் பெஞ்சு தந்தது, கடிகாரம் தந்தது, மணி தந்தது, இடம் தந்தது. பள்ளி அரசுடையது என்று எவரும் ஒதுங்கி நிற்கவில்லை. எங்களுடையது என்று நெருங்கி வந்தனர். 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் விரிந்து பரந்தது. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, கோட்டையில் அமர்ந்த முகங்கள் மாறின. பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்துவரும் கை மட்டும் மாறவில்லை.

ஆக, அரசுப் பள்ளி நமக்குப் பிச்சையாக வரவில்லை, போராட்டமாக வந்தது. அன்று ஒரு பிள்ளையின் படிப்பை அளக்கத் தகப்பனின் தொழிலைக் கேட்டார்கள், நாடு கொதித்தது. இன்று அதே பிள்ளையின் படிப்பை அளக்கத் தகப்பனின் பணப்பையைக் கேட்கிறார்கள்; நாடு வரிசையில் நிற்கிறது! குலக்கல்வியைக் கொண்டுவர அன்று ஓர் அரசாணை தேவைப்பட்டது. பணக்கல்வியைக் கொண்டுவர ஆணை எதற்கு? ஒரு கட்டணச் சீட்டு போதும்.

தொண்டு என்னும் ஒப்பனை

நாடகக்காரனுக்கு ஒப்பனை தெரியும். ஆண்டியை அரசனாக்கும் அரிதாரம் எது, கிழவனைக் குமரனாக்கும் மை எது என்பதை அறிந்தவன் நான். ஆனால் வணிகத்தைத் தொண்டாகக் காட்டும் ஒப்பனையைப் போல் ஒன்றை எந்த மேடையிலும் நான் கண்டதில்லை.

சட்டம் சொல்வதைக் கேள். இந்நாட்டில் பள்ளி நடத்துவது இலாபத்துக்கான தொழில் ஆகாது. அறக்கட்டளையோ சங்கமோதான் நடத்த வேண்டும். 2002ஆம் ஆண்டில், டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அளவான உபரி இருக்கலாம். கொள்ளை இலாபமும் நன்கொடைப் பறிப்பும் கூடா என்று கூறியது. 2022ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம், கல்வி ஒன்றையே நோக்கமாகக் கொண்ட நிறுவனத்துக்குத்தான் வருமான வரி விலக்கு என்று இறுக்கிப் பிடித்தது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டில் கட்டண ஒழுங்குச் சட்டம் வந்தது. நீதிபதி தலைமையில் குழு அமைந்தது. பள்ளிதோறும் கட்டணம் வகுக்கப்பட்டது. நடுவணரசின் கல்வி உரிமைச் சட்டமோ, நன்கொடை வாங்குவதையும், சேர்க்கைக்காகப் பிள்ளையையும் பெற்றோரையும் வடிகட்டிப் பார்ப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

ஏட்டில் இத்தனை இருக்க, நாட்டில் நடப்பதென்ன? ஒரு காட்சி. ஊரும் பேரும் வேண்டா. எந்த ஊருக்கும் பொருந்தும்.

தாளாளர்: இது வணிகமில்லை ஐயா, தொண்டு! ஏழைக்குக் கல்வி தருவதே எங்கள் அறக்கட்டளையின் நோக்கம்.

தந்தை: கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது ஐயா. நானும் ஏழைதான்.

தாளாளர்: அப்படியானால் தவணையில் கட்டலாம்.

தந்தை: அறிவிப்புப் பலகையில் தொகை குறைவாக எழுதியிருக்கிறதே ஐயா?

தாளாளர்: அது கல்விக் கட்டணம். சீருடை, காலணி, நோட்டு, வாகனம், கணினி, ஆண்டு விழா, இவையெல்லாம் கல்வியில் சேருமா என்ன?

தந்தை: இரசீது கிடைக்குமா ஐயா?

தாளாளர்: தொண்டுக்கு இரசீது கேட்கலாமா?

சிரிக்கிறாய். அந்தத் தந்தை சிரிக்கவில்லை, தோழா. அவன் மடியில் இருந்ததை எண்ணி வைத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

எல்லாத் தனியார் பள்ளியையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டா. அரசு எட்டிப்பாராத ஊர்களில் கதவைத் திறந்து, கட்டணமின்றியோ காற்காசு வாங்கியோ தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த உதவி பெறும் பள்ளிகள் உண்டு. அவற்றின் படிக்கட்டில் ஏறித்தான் நம் முன்னோர் பலர் எழுத்தறிந்தனர். அவற்றுக்கு வணக்கம். நம் வழக்கு, கல்வியைக் கடைச்சரக்காக்கி, கடையைக் கோயில் என்று காட்டுவோரோடு.

தரம், தரம் என்னும் முழக்கம்

"அரசுப் பள்ளியில் தரமில்லை" என்பது அவர்கள் கையிலுள்ள முதல் வாள். அந்த வாளை வாங்கிப் பார்ப்போம்.

நோயாளிகளை வாயிலிலேயே திருப்பியனுப்பிவிட்டு, நலமாக இருப்போரை மட்டும் கட்டிலில் படுக்கவைத்து, "எங்கள் மருத்துவமனையில் எவரும் சாவதில்லை" என்று ஒருவன் தண்டோரா போட்டால் அவனை மருத்துவன் என்பாயா? நுழையும்போது தேர்வு வைத்துப் பொறுக்குவது. தேறமாட்டான் எனத் தோன்றும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பை எட்டும் முன்னரே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு உருப்போட வைப்பது. பின்னர் மதிப்பெண் பட்டியலை நாற்சந்தியில் பலகையாக நிறுத்துவது. இதற்குப் பெயர் தரமா? கோழிப்பண்ணையோடு ஒப்பிட்டு மக்களே இதற்கொரு பெயர் சூட்டிவிட்டார்கள். பிராய்லர் பள்ளி என்று. இந்தக் கூத்தை அடக்கத்தான் 2017ஆம் ஆண்டில் அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தது. முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தையும் நிறுத்தியது.

வெளியே அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளை எங்கே போகிறான்? தெருக்கோடி அரசுப் பள்ளிக்குத்தான் வருகிறான். அது அவனை மறுப்பதில்லை. காது கேளாத பிள்ளையை மறுப்பதில்லை. செங்கல் சூளையிலிருந்து ஆண்டின் நடுவில் வந்து நிற்கும் பிள்ளையை மறுப்பதில்லை. யாரையும் தள்ளாத பள்ளியையும், தள்ளியதால் தலைநிமிர்ந்த பள்ளியையும் அருகருகே நிறுத்தி மதிப்பெண்ணை ஒப்பிடுவது, சுமை தூக்கியவனையும் வெறுங்கையனையும் ஒரே பந்தயத்தில் ஓடவிடுவதாகும்.

சுமையோடு ஓடியும் வென்றவர்கள் உண்டு. சரக்கல்விளையின் அரசுப் பள்ளியில் தமிழில் படித்த உழவரின் மகன் கை. சிவன், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவரானார். கோதவாடியில் தமிழில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, நிலவுக்குச் சென்ற முதல் சந்திரயானின் திட்ட இயக்குநரானார். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு இடம் என்று 2020ஆம் ஆண்டில் சட்டம் வந்ததும், அதற்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருந்தோர், அந்த ஓராண்டிலேயே நூற்றுக்கணக்கில் உள்ளே நுழைந்தனர். அறிவு அங்கே எப்போதும் இருந்தது; வழிதான் அடைபட்டிருந்தது.

"அரசுப் பள்ளியின் கூரை ஒழுகுகிறதே, சுவர் இடிகிறதே" என்பார்கள். ஒழுகும் கூரைக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆட்சி எவருடையதாயினும் அது குற்றம்தான். ஆனால் உரிமையாளன் தனியாரென்பதால் கூரை கல்லாகிவிடுவதில்லை. 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில், ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை நெருக்கி நடத்திய தனியார் நிறுவனத்தின் கீற்றுக் கூரை பற்றியெரிந்தது. 94 பிள்ளைகள் மாண்டனர். அங்கே நிறுவனம் கடமையை மறந்தது. பார்வையிட வேண்டிய அதிகாரிகளும் கண்ணை மூடிக்கொண்டனர். பிள்ளையைக் காப்பது பள்ளியின் பெயர்ப் பலகையிலுள்ள ஆங்கிலம் இல்லை, தோழா; கண்காணிக்கும் மக்களின் கண்.

இரண்டாவது வாள், ஆங்கிலம். ஆங்கிலம் வேண்டும், நன்றாக வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். ஆங்கிலத்தைக் கற்பது வேறு. புரியாத மொழியில் கணக்கையும் அறிவியலையும் மனப்பாடம் செய்வது வேறு. 2010ஆம் ஆண்டில் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டே அதை ஒத்திவைக்க முயற்சி நடந்து, 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தியே தீரவேண்டும் என்று தீர்ப்பளித்ததே, நினைவிருக்கிறதா? குடியானவன் மகனுக்கும் கோடீசுவரன் மகனுக்கும் ஒரே பாடநூல் என்றானது. உடனே என்ன நடந்தது? "வேறுபாடு போய்விட்டால் விற்பதற்கு என்ன இருக்கிறது" என்று அஞ்சிய சில பள்ளிகள், பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு நடுவண் வாரியத்துக்கு ஓடின. அவர்கள் விற்றது கல்வியை என்றால், பாடநூல் ஒன்றானதும் ஏன் ஓடவேண்டும்? விற்றது வேறுபாட்டை!

சிலி கற்ற பாடம்

"எந்தப் பள்ளி வேண்டும் என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும், அரசு பணத்தை மட்டும் தரட்டும்" என்று கண்ணாடி போட்ட அறிஞர்கள் இப்போது கட்டுரை எழுதுகிறார்கள். கேட்க இனிக்கும் இந்தச் சூத்திரத்தை ஒரு நாடு முழுவதும் ஆடிப்பார்த்துவிட்டது. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், படைத்தலைவர் பினோசே ஆட்சியில், 1981ஆம் ஆண்டில், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அந்தப் பள்ளிக்கு அரசுப் பணம் என்று வகுத்தார்கள். நகராட்சிப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் ஒரே கணக்கு. 1993ஆம் ஆண்டில், அரசுப் பணத்தோடு பெற்றோரிடமும் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று கதவை இன்னும் அகலத் திறந்தார்கள்.

விளைவு? பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரைத் தன்னிடம் வைத்திருந்த பொதுப்பள்ளி, பாதிக்கும் மிகக் கீழே இறங்கியது. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றார்கள்; நடந்ததோ, பள்ளி பெற்றோரைத் தேர்ந்தெடுத்தது. செல்வர்க்கு ஒரு பள்ளி, நடுத்தரத்தார்க்கு ஒரு பள்ளி, மிச்சமிருந்தோர்க்கு நகராட்சிப் பள்ளி என்று நாடே அடுக்கடுக்காய்ப் பிளந்தது. 2006ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சீருடையோடு தெருவுக்கு வந்தனர். 2011ஆம் ஆண்டில் கல்லூரி மாணவர்கள் வந்தனர். 2015ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது: அரசுப் பணம் வாங்கும் பள்ளி இலாபம் எடுக்கக்கூடாது, பிள்ளையைப் பொறுக்கக்கூடாது, கட்டணம் வாங்குவதைப் படிப்படியாக நிறுத்தவேண்டும் என்று. ஒரு தலைமுறைக்கு மேல் நடந்து தேய்ந்த பின்னர் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் முயற்சி!

எதிர்த் திசையில் நடந்த நாடும் உண்டு. பின்லாந்து 1968ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 1972 முதல் 1977 வரை வடக்கிலிருந்து தெற்காகப் படிப்படியாக, தனியார் இலக்கணப் பள்ளிகளைப் பெரும்பாலும் உள்ளூராட்சியின் பொதுப்பள்ளிக்குள் இணைத்தது. பின்னாளில் உலகமே அந்நாட்டின் பள்ளிகளைப் பார்க்கப் படையெடுத்தது.

பின்லாந்து வரை போவானேன்? நம் நாட்டிலேயே கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1966ஆம் ஆண்டில் சொல்லவில்லையா, எல்லாப் பிள்ளைக்கும் பொதுப்பள்ளி, அண்மைப்பள்ளி என்று? நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கு என்று? கொள்கை என்று 1968ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த 6 விழுக்காடு, வானத்து நிலவைப்போல் இன்றும் காட்சிக்கு உண்டு, கைக்கு எட்டவில்லை.

அறுபதுக்குள் அடங்கிய சூழ்ச்சி

இனிமேல்தான் நான் சொல்லவந்த உண்மை. கூர்ந்து கேள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பார். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். அதற்கு மேல் 200 வரை ஐவர். எளிய கணக்காகத் தோன்றுகிறதல்லவா? இதற்குள்தான் பள்ளியின் உயிர் இருக்கிறது.

ஓர் ஊர்ப் பள்ளியில் 130 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கொள். ஐந்து வகுப்பு, ஐந்து ஆசிரியர். பக்கத்து ஊரில் தனியார் பள்ளி தொடங்குகிறது. மஞ்சள் வாகனம் தெருத்தெருவாய் வருகிறது. முதலில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் போகிறார்கள். எழுபது பேர் போனதும், எஞ்சியோர் அறுபது. மூன்று ஆசிரியர்கள் "உபரி" ஆகிறார்கள். பணிநிரவல் என்ற பெயரில் வேறு ஊருக்கு மாற்றப்படுகிறார்கள். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இருவர். அவர்களில் ஒருவர் அலுவலகக் கூட்டத்துக்குப் போனால், ஐந்து வகுப்புக்கும் ஒருவர். கூலிவேலைக்குப் போகும் தாய் எட்டிப்பார்க்கிறாள்: ஒரே அறையில் மூன்று வகுப்பு. "இங்கே எப்படிப் படிப்பான் என் மகன்?" என்று நெஞ்சு பதைக்கிறாள். சங்கிலியைக் கழற்றுகிறாள்.

பார்த்தாயா? பள்ளி கெட்டதால் பிள்ளைகள் போனார்கள் என்பது பாதி உண்மை. பிள்ளைகள் போனதால் பள்ளி கெட்டது என்பது மறைக்கப்பட்ட மறுபாதி! முதலில் வெளியேறியவன் வசதியாக வெளியேறினான். கடைசியில் வெளியேறுபவள் கடன்பட்டு வெளியேறுகிறாள். அதற்கும் வழியில்லாதவன் அந்த ஒற்றை அறையில் அமர்ந்திருக்கிறான்.

இந்தச் சரிவுக்குச் சட்டமே ஒரு தள்ளு கொடுக்கிறது. அதே கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கு என்கிறது. செலவை அரசு ஈடுசெய்கிறது. 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அந்த இடத்தில் நுழைந்த ஏழைப் பிள்ளை வாழ்க. அவனை நான் இறக்கிவிடச் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பார். அரசு தன் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பி, அவனோடு மக்கள் வரிப்பணத்தையும் சேர்த்து அனுப்பி, பிறகு "உன்னிடம் பிள்ளை குறைந்துவிட்டது" என்று தன் பள்ளியின் ஆசிரியரையே எடுத்துக்கொள்கிறது. சொந்த வீட்டு விளக்கின் எண்ணெயை வடித்து அண்டை வீட்டு விளக்கை ஏற்றிவிட்டு, நம் வீடு இருண்டிருக்கிறதே என்று அழும் கதை!

அந்த இடமாவது உறுதியா? 2024-25ஆம் ஆண்டில், ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்குரிய கல்வி நிதி நிறுத்தி வைக்கப்பட்டது; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்தப் பூசலில் 2025ஆம் ஆண்டின் 25 விழுக்காட்டுச் சேர்க்கை மாதக்கணக்கில் தாமதப்பட்டது. நிதி வரவில்லை என்று எந்த அரசுப் பள்ளியாவது ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுத்ததுண்டா? பெருந்தொற்று பரவிப் பிழைப்புக் கெட்ட 2021ஆம் ஆண்டில், கட்டணம் கட்ட வழியற்ற குடும்பங்களின் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் அரசுப் பள்ளிக்குத் திரும்பினார்களே, "நேற்று எங்களை விட்டுப் போனவன்தானே நீ" என்று எந்தத் தலைமையாசிரியராவது கதவைச் சாத்தியதுண்டா?

இப்போது உன்னிடம்

தோழா! மாற்றாரைச் சாடியது போதும். இனி நம் வீட்டைப் பார்ப்போம்.

மாலையில் மேடையேறுகிறோம். "அரசுப் பள்ளி எங்கள் உயிர்" என்கிறோம். கைதட்டல் வானைப் பிளக்கிறது. மறுநாள் காலை, மேடையில் பேசியவரின் வீட்டு வாயிலில் மஞ்சள் வாகனம் வந்து நிற்கிறது. கைதட்டியவரின் வீட்டு வாயிலிலும் நிற்கிறது. மேடைக்கு ஒரு பள்ளி, வீட்டுக்கு ஒரு பள்ளி! அறக்கட்டளைப் பெயரில் கட்டணப் பள்ளி நடத்தும் தாளாளர்கள் மாற்றுக் கட்சியில் மட்டுமா இருக்கிறார்கள்? நம் மாநாட்டுப் பந்தலின் முதல் வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுக் கருவூலத்திலிருந்து ஊதியம் பெறும் அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் தம் பிள்ளைகளை அரசின் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்கவேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. ஏன் அப்படிச் சொன்னது? மாவட்ட ஆட்சியரின் மகள் படிக்கும் பள்ளியில் கழிவறைக் கதவு ஒரு நாள்கூட உடைந்து கிடக்காது என்பதால்! ஒன்றியச் செயலாளரின் மகன் படிக்கும் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் ஓராண்டு காலியாக இருக்காது என்பதால்! குரலுள்ளவன் பிள்ளை இருக்கும் இடத்தில்தான் அரசின் காது இருக்கும். குரலுள்ளவனெல்லாம் வெளியேறிவிட்டு, குரலற்றவர்களின் பள்ளி ஏன் ஊமையாயிற்று என்று கேட்பது என்ன நீதி? அந்த ஆணை நடைமுறைக்கு வராமற் போயிற்று. நீதிமன்றம் ஆணையிட்டு நடக்காததைக் கொள்கைக்காரன் தானாக நடத்திக்காட்ட வேண்டாமா?

ஆகவே, செய்யவேண்டியவை.

முதலாவது, கணக்கை நினைவில் வை: முப்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியர். உன் கிளைக்கழகம் தெருத்தெருவாய்ச் சென்று முப்பது பிள்ளைகளைச் சேர்த்தால், ஓர் ஆசிரியரைச் சட்டமே உன் ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தும். எந்த அமைச்சரின் சிபாரிசும் வேண்டா. முதற்பிள்ளை உன் பிள்ளையாக இருக்கட்டும். அப்போதுதான் இரண்டாம் வீட்டின் கதவு உனக்குத் திறக்கும்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2022ஆம் ஆண்டில் அந்தக் குழுக்கள் தமிழ்நாடெங்கும் புதிதாக அமைக்கப்பட்டன. கூட்டம் கூடுகிறதா, வரவுசெலவு படிக்கப்படுகிறதா என்று கேள். கட்சிக் கரைவேட்டியோடு போகாதே. தகப்பனாகப் போ, தாயாகப் போ.

மூன்றாவது, ஆட்சியில் இருப்போரிடம் கேட்கவேண்டியதைக் கேள். அவர்கள் நமக்கு வேண்டியவர்களாயினும் கேள். அறுபது பிள்ளைக்கு இருவர் என்பது சட்டம் விதித்த அடிமட்டம்; அதற்கு மேல் ஏறக்கூடாது என்று எந்தச் சட்டமும் கையைக் கட்டவில்லை. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேள். காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல். மூன்று வயதில் பிள்ளையைப் பிடித்துக்கொள்பவனே பதினேழு வயது வரை வைத்துக்கொள்கிறான்; ஆகவே 2019ஆம் ஆண்டில் அங்கன்வாடிகளில் தொடங்கிய மழலையர் வகுப்பை எல்லாத் தொடக்கப் பள்ளிக்கும் விரிக்கச் சொல். கட்டணச் சட்டத்தை மீறும் தாளாளர் நம் கட்சிக்காரரே ஆனாலும், சட்டம் அவர் கதவையும் தட்டட்டும்.

"என் ஒரு பிள்ளையைச் சோதனைப் பொருளாக்கச் சொல்கிறாயா?" என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி, தகப்பனின் கேள்வி. விடை இது: தனியாக அனுப்பாதே. கிளையில் இருபது பேர் இருக்கிறீர்கள். இருபது பேரும் சேர்ந்து அனுப்புங்கள். ஒரு பிள்ளை போனால் அது தியாகம். இருபது பிள்ளைகள் போனால் அது வகுப்பறை. அன்று ஊர்கூடி மணி வாங்கித் தந்தவர்கள் நம்மைவிடச் செல்வர்களா? அந்த மணி இன்னும் உன் ஊர்ப் பள்ளியில் தொங்குகிறது. அடித்தால் கேட்கப் பிள்ளைகள் வேண்டும்.

அடுத்த மாதம் சேர்க்கை. கொடியைத் தோழனிடம் கொடுத்துவிட்டு, உன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிக்கு நட!